மார்கிரட்டின் போர்வையும் யாகப்புவின் ஈயமும்

மார்கிரட்டுக்கு இரண்டு பொழுதுபோக்குகள். ஒன்று, துண்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது. மற்றது, மாரிமழை ஓய்ந்து தை பிறந்ததும் வீட்டு வளவில் தோட்டம் போடுவது. இரண்டும் வீண்வேலை என்று அவளுடைய கணவன் யாகப்பு குருநகர் முழுக்கச் சொல்லித் திரிந்தான். போர்த்திப் படுக்கிற குளிர் வருடத்தில் பத்து நாள்தான். கடற்கரை மணலில் நண்டைத் தவிர வேறொன்றும் விளையாது. இது அவன் கட்சி.

முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனிக்கும் அற்றெண்டன்ராக வேலை செய்து ஓய்வு பெற்றவள் மார்கிரட். நோயாளியை எழுப்பாமலே அவன் படுத்திருக்கும் விரிப்பை மாற்றுவாள். ஓய்வுபெற்ற அடுத்த மாதமே கை சும்மா இருக்க மறுத்தது. தையற்கடையில் கூட்டித் தள்ளும் துண்டுகள், தன் பழைய வெள்ளைச் சீருடை, யாகப்பு இடுப்பில் கட்டித் தேய்ந்த சாரம் எல்லாவற்றையும் சதுரம் சதுரமாக வெட்டி இணைத்தாள். உள்ளே வைத்துத் தைக்கப் பஞ்சு கிடைக்காத சண்டைக்காலம். ஒரு நாள் விடிய எழுந்து பார்த்தால், இரவு விமானம் போட்ட வெளிச்சக் குண்டைத் தாங்கி இறங்கிய குடைத்துணி கத்தரிப் பாத்திக்குள் விழுந்து கிடந்தது. ஆறு கன்றுகள் நசுங்கிவிட்டன. கன்றுகளுக்கு நட்டஈடாகத் துணியை எடுத்துக்கொண்டாள்.

இரண்டு வருடம் எடுத்தது. போர்வை அழகாகத்தான் வந்தது. ஆனால் அந்த வழுக்குத்துணி உள்ளே இருந்ததால் பாரமே இல்லை. விறாந்தையில் மத்தியானம் படுத்த யாகப்புவின் முகத்தைக் காற்று போர்வையால் மூடிவிட்டது.

"உயிரோடை இருக்கேக்கையே என்னைப் பிரேதமாக்கிப்போட்டாய்" என்றான்.

மார்கிரட் யோசித்தாள். கடலுக்குப் போகத் தடை வந்ததிலிருந்து யாகப்புவின் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகள் அடுப்படி மூலையில் ஒரு சாக்குக்குள் சும்மா கிடந்தன. பதினாறை எடுத்துப் போர்வையின் கரைக்குள் வைத்துத் தைத்தாள். அதற்குப் பிறகு போர்வை அடங்கிப் படுத்தது.

மிச்சம் தோட்டத்துக்குப் போயிற்று. பக்கத்து ஊரான திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டுவந்த நாலு சாக்குச் செம்மண், மீன் தலையும் குடலும், குளித்த தண்ணீர். இவ்வளவையும் குடித்துப் புடலங்கொடி பந்தல் ஏறிவிட்டது. புடலம்பிஞ்சின் நுனியில் பாரம் கட்டாவிட்டால் காய் சுருண்டுபோகும். எல்லோரும் கல்லுக் கட்டுவார்கள். மார்கிரட் ஈயம் கட்டினாள். சின்னது, கல்லைவிடப் பாரம், நூல் கோக்கத் துளையும் உண்டு. பிஞ்சு நோகாமல் பண்டேஜ் துணியால் சுற்றியும் விட்டாள்.

அடுத்த வீட்டு றோஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "என்ன மார்கிரட்டக்கா, புடலங்காய்க்கும் புண்ணோ?"

"ஓமடி. உன்ரை கண் பட்டு வந்த புண்."

"உந்த மணலிலை உது ஒரு முழம் வளந்தால், அந்தோனியார் கோயில் முழுக்க நான் தனியக் கூட்டுறன்."

"சொன்னதை மறந்திடாதை."

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு பங்குனியில்தான் சிக்கல் வந்தது. அரசாங்கத்துக்கும் இயக்கத்துக்கும் பேச்சுவார்த்தை நடந்ததால், பகலில் கரையோரமாகத் தொழில் செய்யலாம் என்று அறிவித்தார்கள். யாகப்பு துள்ளி எழுந்து வலையை விரித்தான். பிறகு சாக்கைத் தூக்கினான். வெறும் சாக்கு கையோடு பறந்து வந்தது.

அடுப்படியைக் கிண்டினான். கோழிக்கூட்டைக் கிண்டினான். "ஈயத்தைக் காணேல்லை! ஆரோ களவெடுத்திட்டான்!"

மார்கிரட் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கசப்பு மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுப்பதுதான் அவள் பழக்கம். அவன் ஒரு கோப்பை சோறு தின்றதும் சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் அவன் சுவரில் இருந்த அந்தோனியாரின் சின்னச் சுருவச் சிலைக்கு முன்னால் முழந்தாளிட்டுவிட்டான். தொலைந்த பொருளைத் தேடித்தருகிறவர் அந்தோனியார். குருநகரில் பொலிசைவிட அவரிலேதான் நம்பிக்கை.

"அந்தோனியாரே, ஈயம் கிடைச்சால் இவள் தைச்ச போர்வையை உம்மடை பீடத்திலை விரிக்கத் தாறன்."

மார்கிரட்டின் ஊசி நின்றது. "என்ரை போர்வையை நேர்த்தி வைக்க நீங்கள் ஆர்?"

"வீட்டிலை வேறை பெறுமதியான சாமான் என்ன கிடக்கு?"

நாற்பது வருடக் குடித்தனத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதற் பாராட்டு. அதை இருந்து அனுபவிக்க நேரமில்லை. ஈயம் வெளியே வந்தால் போர்வை போய்விடும். வராவிட்டால் நாலு வருடம் கரையில் இருந்து கடலைப் பார்த்தவன் இன்னும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"கோயிலிலை அவரை ஊதாத்துணியாலை மூடியெல்லோ கிடக்கு" என்று சொல்லிப் பார்த்தாள். "தபசுகாலம் முடிஞ்சு உயிர்ப்புத் திருநாள் வருமட்டும் அவருக்குக் கண் தெரியாது."

"காது கேக்கும்" என்றான் யாகப்பு.

அவள் சவரப் பிளேட்டை எடுத்தாள். போர்வையின் கரையைப் பிரித்துப் பதினாறு ஈயத்தையும் அவன் முன்னால் போட்டாள். "மிச்சம் புடலங்காயிலை தொங்குது. இப்ப கேளுங்கோ. தொலைஞ்சதைத் தேடித் தாறதுதான் அவரின்ரை வேலை. இது தொலையேல்லை. நான் எடுத்தனான். நேர்த்தி செல்லாது."

"எனக்குத் தெரியாதுதானே! எனக்கு அது தொலைஞ்சதுதான்."

"அப்ப என்னைக் கேட்டிருக்கலாமே."

"கேட்டால் சொல்லியிருப்பியோ?"

மார்கிரட் பிரித்த நூலைப் பொறுக்கினாள். அவன் பந்தலுக்குப் போய் ஒவ்வொரு ஈயமாக அவிழ்த்தான். அவள் பின்னாலேயே போய், மணல் நிரப்பிய ஊசிமருந்துப் போத்தல்களைக் கட்டினாள். மூலையில் இலைக்குள் மறைந்து தொங்கிய மிக நீளமான காயை அவன் காணவில்லை. அவளும் காட்டவில்லை.

ஆனாலும் யாகப்புவுக்குப் பயம் போகவில்லை. "கடலிலை அவர் என்னோடை கோவிச்சால், நீயோ வருவாய்?"

அன்று போர்வையைத் தலையணைக்குக் கீழே வைத்துத்தான் மார்கிரட் படுத்தாள். விடிய எழுந்தாள். போர்வை இருந்தது. யாகப்புவைக் காணவில்லை. பந்தலுக்குக் கீழே போனால், மூலைக்காயின் காம்பு மட்டும் தொங்கியது.

சீலையைச் செருகிக்கொண்டு கோயிலுக்கு ஓடினாள். காலைப் பூசை முடிந்து சனம் கலைகிற நேரம். ஊதாத்துணிக்குள் நின்ற அந்தோனியாரின் பீடத்தில், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஒரு புடலங்காய் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. வாலில் பண்டேஜ். யாகப்பு கைகூப்பி நின்றான்.

"போர்வைக்குப் பதிலாய் இது" என்று சுருவத்துக்குச் சொன்னான். இருட்டில் கவனிக்காத பண்டேஜை அப்போதுதான் கண்டு இழுத்தான். ஈயக்குண்டு பீடத்தில் விழுந்து உருண்டது.

"அட! அந்தோனியார் ஒண்டைத் தேடித் தந்திட்டார்!"

அவன் கண் மெல்ல வீட்டுப் பக்கம் திரும்பியதை மார்கிரட் கண்டாள். போர்வைக்கு மறுபடி ஆபத்து.

"காயை நீங்கள் குடுத்தியள், ஈயத்தை அவர் தந்தார். ரெண்டு பேருக்கும் சரி. வலையை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போங்கோ."

யாகப்பு ஈயத்தைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடந்தான்.

கூட்டத்துக்குப் பின்னால் றோஸ் நின்றாள். முழங்கையால் அந்தக் காயை ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் அளந்துகொண்டிருந்தாள். மூன்றுக்கு மேலும் காய் இருந்தது. மார்கிரட் கோயில் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த, நிலம் கூட்டுகிற தும்புத்தடியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"பீடத்தடியிலை இருந்து தொடங்கு, பிள்ளை."