சொல்லப்படாமல் கிடந்த செபம்

என் தம்பி வாடைக்காலத்தில் துறைமுக வாயிலில் வள்ளம் கவிழ்ந்து கடலோடு போனான். உடல் கிடைக்கவில்லை. அடுத்து மேற்கிலிருந்து சுடச்சுட வந்த கச்சான் காற்றில், மத்தியான வேளைகளில், கரையில் யாரோ அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது எனக்குக் கேட்கத் தொடங்கியது.

எங்கள் வீடு உட்துறைமுகக் கரையோரம். கச்சான் அடிக்கும் நாள்களில் சோறு தின்றதும் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவார்கள். நங்கூரமிட்ட கப்பல்கள் வெக்கையில் நெளிவதுபோலத் தெரியும். வீட்டு முன் ஒழுங்கையில் ஒரு காகம்கூட இராது. அப்போதுதான் அந்தக் குரல் வரும். வள்ளத்தில் போகிறவனைக் கரையிலிருந்து திருப்பி அழைப்பதுபோல, கடைசி எழுத்தை நீட்டி. ஜன்னலால் எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

எனக்குத்தான் புத்தி பேதலிக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் குசினியில் சட்டி கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளே படுக்கையில் கிடந்த அம்மா, "ஓம், அவன் வருவான், கொஞ்சம் பொறுங்கோ" என்று யாருக்கோ பதில் சொன்னார். அம்மாவுக்குக் காது கேட்காமல் போய் வருடக்கணக்காகிறது. சவர்க்கார நுரை வழியும் கையோடு அப்படியே நின்றேன்.

மறுநாள் குரல் வந்ததும் கரைக்கு இறங்கி நடந்தேன். கவிழ்த்து வைத்திருந்த ஒரு வள்ளத்துக்கு அப்பால், ஜன்னலிலிருந்து தெரியாத இடத்தில், முழங்கால் தண்ணீரில் ஒருவர் நின்றார். எங்கள் கோயில் மூப்பர். பங்குச் சுவாமி வராத ஞாயிறுகளில் செபம் நடத்தியவர். அன்று தம்பியோடு கடல்தொழிலுக்குப் போய்த் தனியே திரும்பியவரும் அவர்தான். அதற்குப் பிறகு அவர் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

"அண்ணை, ஏன் அவனைக் கூப்பிடுறியள்?"

திரும்பினார். அவர் பார்வை என்னைத் தாண்டி எங்கேயோ நின்றது.

"அலை பிரிச்சுப்போட்டுது எண்டு உங்களிட்டைச் சொன்னனான், தங்கச்சி. அது முழு உண்மை இல்லை. கவிண்ட வள்ளத்தைப் பிடிச்சுக்கொண்டு ரெண்டு பேரும் கிடந்தம். 'பயமா இருக்கு அண்ணை, ஒரு செபம் சொல்லுங்கோ' எண்டு கேட்டான். 'கேக்கிறதுக்கு மேலை ஒருத்தரும் இல்லையடா, வாயை மூடு' எண்டு கத்தினனான். பிறகு அவன் ஒண்டும் கதைக்கேல்லை. திரும்பிப் பாத்தால் ஆளில்லை."

ஆத்திரத்தில் தண்ணீருக்குள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றேன்.

"இனி அவன்ர பேரை உங்கட வாயாலை சொல்லக்கூடாது" என்றேன்.

அவர் அப்படியே செய்தார். குரல் நின்றுபோனது. ஆனால் அதற்குப் பிறகு வந்த மத்தியானங்கள் இன்னும் மோசமாக இருந்தன. வீடு முழுவதும் எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். அம்மா சாப்பாட்டைத் தள்ளிவிட்டு ஜன்னலையே பார்த்தார். "ஏன் இப்ப ஒருத்தரும் கூப்பிடுறேல்லை?" என்று கேட்டார். நான் செபமாலையைக் கையில் எடுத்தால் மனதில் வருவது தம்பி கேட்டது மட்டும்தான். அவன் கடைசியாகக் கேட்டது அவனுக்குக் கிடைக்கவே இல்லை. மூப்பரை வெறுத்தபடி நான் இருந்தால் அது இனிக் கிடைக்கப்போவதும் இல்லை.

ஒரு பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி கண்ணால் உள்ளே காட்டினார். மூப்பர் சுவரைப் பார்த்தபடி கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, அம்மா படுத்த படுக்கை. வந்து செபம் சொல்லுங்கோ."

"என்னாலை ஏலாது. இல்லையெண்டு சொன்ன வாய் இது."

"அவன் கேட்ட செபம் இன்னும் சொல்லப்படாமல் கிடக்கு. அவன் உங்களிட்டைத்தானே கேட்டவன்? நீங்கள்தான் சொல்லவேணும்."

சுவரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"நீங்கள் என்னை மன்னிச்சிட்டியளோ?"

"ஓம்" என்றேன். வாயால் சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

அம்மாவின் கட்டிலருகே முழங்காலில் நின்று செபத்தைத் தொடங்கினார். முதல் வரியைப் பிழையாகச் சொல்லி, திரும்பவும் தொடங்கினார். பிறகு, கரையில் கேட்ட அதே குரல் மெல்ல மெல்ல வந்தது. தம்பியின் பெயரைச் சொல்லி வேண்டினார். நான் தடுக்கவில்லை. காது கேளாத அம்மா கண்ணைத் திறந்து, எங்கள் இருவருக்கும் நடுவில், ஒருவரும் நிற்காத இடத்தைப் பார்த்து, "நனைஞ்சுபோய் நிக்கிறாய், உள்ளுக்கு வா" என்றார். மூப்பர் நிறுத்தாமல் செபத்தை முடித்தார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிரவு அம்மா நன்றாகச் சாப்பிட்டார்.

அம்மா இறக்கும்போதும் மூப்பர் பக்கத்தில் இருந்தார். மூப்பர் பதவியைத் திரும்ப எடுக்கச் சொல்லி சுவாமி கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். இப்போது பின்னேரங்களில் ஆஸ்பத்திரிக்குப் போய், கடைசி நாள்களில் இருப்பவர்களோடு இருக்கிறார். அக்கரையில் குறிஞ்சாக்கேணி ஊரிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் பெரியவர்கூட, "கொஞ்சம் பக்கத்திலை இருங்கோ" என்று கேட்டாராம். இருந்திருக்கிறார்.

அவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று ஒருமுறை கேட்டேன்.

"முதல் ஒண்டும் சொல்லுறேல்லை. பயமா இருக்கோ எண்டு கேப்பன். ஓம் எண்டுவினம். எனக்கும்தான் எண்டுவன். அவையள் விரும்பினால்தான் செபம்."