தண்ணீர் ஒட்டாத துணி

என் மேசை இழுப்பறையில் முழத்துக்கும் குறைவாக ஒரு வெள்ளைத் துணி கிடக்கிறது. பார்க்கச் சாதாரணத் துணிதான். அதன்மேல் ஒரு கை தண்ணீரைத் தெளித்தால் துணி நனையாது. தண்ணீர் மணிமணியாக உருண்டு நிற்கும். கொஞ்சம் சாய்த்தால் ஓடிப்போகும். வீட்டைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் என் மனைவி அதை எடுத்து வெளியே வைப்பாள், நான் மறுபடி உள்ளே வைப்பேன். "இத வச்சு என்ன செய்யப்போறீக?" என்று எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். நான் இதுவரை பதில் சொன்னதில்லை.

ராஜபாளையத்துக்கு வெளியே, சோழபுரம் போகிற வழியில், ஆஸ்பத்திரிகளுக்கான துணி தயாரிக்கும் ஒரு சின்ன ஆலையில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்தேன். எல்லோரும் என்னை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து காலை பஸ்ஸில் போய், சாயங்காலம் திரும்புவேன். ஆலையின் பின்சுவரை ஒட்டி ஒரு கீரைத் தோட்டம், அதன் நடுவில் கல் கட்டிய கிணறு. அந்தத் தோட்டத்து அக்காவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். புருஷன் இல்லை, ஒரே மகள். அந்தப் பக்கத்தில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்; அக்கா கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. ரோட்டோரத்தில் ஒரு மண்பானையை வைத்துத் தினமும் நிரப்புவார். ஆலையில் நாங்கள் குடித்ததும் அந்தத் தண்ணீர்தான்.

முதலில் நாங்கள் சாயம் போட்டுக்கொண்டிருந்தோம். ஒரு மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீர் லேசான ரோஜா நிறத்தில் ஊறியது. அக்கா ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆலை வாசலுக்கு வந்துவிட்டார். "மொதலாளிய வரச்சொல்லு. அவிய வீட்டுக்கு இந்தத் தண்ணியில காப்பி போட்டுக் குடுக்கட்டும், பொறவு பேசுவோம்" என்று சாயங்காலம் வரை நகரவில்லை. ஊரும் கூடிவிட்டது. முதலாளி சாயத்தை நிறுத்தினார். அதற்குப் பதிலாக, அறுவை செய்யும் டாக்டர்கள் போட்டுக்கொள்ளும் அங்கிக்கு ரத்தமும் தண்ணீரும் ஒட்டாத துணி செய்ய ஆரம்பித்தோம். துணியை ஒரு மருந்துத் தொட்டியில் முக்கி, பிழிந்து, சூட்டில் காயவைப்பது என் வேலை. ஆலையில் கெமிக்கலை நாங்கள் மருந்து என்றுதான் சொல்வோம். அந்தப் பெயரே எங்களைப் பாதி ஏமாற்றிவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

மருந்துக்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது. வேலை முடிந்ததும் தொட்டியில் மிஞ்சுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் வெட்டியிருந்த குழியில் விடுவோம். அந்தக் குழிக்கு மணலும் கரியும் சுண்ணாம்பும் போட்டது என் யோசனை. தெளிந்த தண்ணீர் மண்ணுக்குள் இறங்குவதைப் பார்த்து நானே என்னை மெச்சிக்கொண்டேன். மண் வடிகட்டிவிடும் என்று மனதார நம்பினேன். சாயத்தை மண் கொஞ்சமாவது பிடித்துவைத்துக்கொள்ளும். இந்த மருந்தை அது பிடிக்கவில்லை. கரியும் சுண்ணாம்பும் பேருக்குத்தான் கிடந்தன. ஒவ்வொரு மழைக்கும் செம்மண்ணைத் தாண்டி, அடியிலிருந்த சுக்காம்பாறையின் வெடிப்புகளில் இறங்கி, ஊற்றோடு ஊற்றாக அது போய்க்கொண்டே இருந்தது. கீரைக்குப் பாய்ச்ச அக்காவின் மோட்டார் ஓட ஓட, அதைக் கிணற்றின் பக்கம் இழுத்தது. இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது.

புதுத் துணி முதன்முதலாக ஓடிய அன்று ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அக்காவுக்கு வேடிக்கை காட்டும் ஆசை. வாளியிலிருந்து ஒரு கை அள்ளித் தெளித்துக் காட்டினேன். அக்கா சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். துணியை இப்படியும் அப்படியும் சாய்த்து மணிகளை ஓடவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, "ஏன் தம்பி, தண்ணிக்கே ஒட்டமாட்டேங்குதே, இந்த மருந்து மண்ணுல மட்டும் ஒட்டி நிக்குமாக்கும்?" என்று கேட்டார். "அக்கா படிச்சிருந்தா எங்களுக்கெல்லாம் வேலை இருக்காது" என்று கேலி பேசிவிட்டு வந்தேன். அக்காவும் சிரித்துக்கொண்டார்.

ஆனாலும் அக்கா லேசில் நம்புகிற ஆள் இல்லை. கிணற்றில் நாலு கெண்டைக் குஞ்சுகளை விட்டார். தண்ணீரில் கோளாறு இருந்தால் மீன் செத்து மிதக்கும், இதுதான் எங்கள் ஊர்ப் பரிசோதனை. மீன்கள் சாகவில்லை, கொழுத்தன. துவரம்பருப்பு குழைய வெந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. "மீனு உசுரோட இருக்கு தம்பி, பொறவென்ன?" என்றார். எனக்கும் அதுவே சான்றிதழாகப் பட்டது. நாக்குக்கும் மூக்குக்கும் மீனுக்கும் பிடிபடாமல் ஒன்று தண்ணீரில் இருக்க முடியும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அக்காவின் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் பட்டாளத்தில், எங்கோ வடக்கே. ஒருநாள் அக்கா என்னை வேலிப் பக்கம் கூப்பிட்டார். "பிள்ளத்தாச்சி குடிக்கிற தண்ணி தம்பி. உங்க மருந்து ஒண்ணும் செய்யாதே? நீங்க சொன்னா நான் நம்புதேன்." வாசலில் நின்று முதலாளியையே வரவழைத்தவர், என் ஒரு வார்த்தைக்காக நின்றார். நான் வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவர் கையிலிருந்த செம்பை வாங்கி, அவர் கண்முன்னால் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்துக் காட்டினேன். அவர் முகம் தெளிந்தது. எந்தக் கலப்படமும் இல்லாத நல்ல எண்ணத்தோடுதான் குடித்தேன். அந்த நல்ல எண்ணத்தை என்ன செய்வது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

பேரன் பிறந்தான். மகள் அங்கேயே தங்கிவிட்டாள். பையன் அந்தத் தண்ணீரில் கஞ்சி குடித்து, அந்தத் தண்ணீரில் குளித்து, அந்தக் கீரையைத் தின்று நடக்கப் பழகினான். அதற்கப்புறம் ஒரு தை மாதத்தில், துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி தன் ஆட்களை அனுப்பியது. குழிப் பக்கத்து மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் எடுத்துப் போனார்கள். முடிவு முதலாளிக்கு வந்தது; எனக்கும் காட்டினார். மருந்து கிணற்றில் இருக்கிறது. வெயிலும் மண்ணும் எத்தனை வருடமானாலும் அதைக் கரைக்காது, காய்ச்சினாலும் போகாது, உடம்பை விட்டும் சீக்கிரம் இறங்காது என்று உடன் வந்த காகிதத்தில் எழுதியிருந்தது. "நமக்குள்ள இருக்கட்டும், நல்லா விசாரிச்சிட்டுச் சொல்லுவோம்" என்றார் முதலாளி. நானும் தலையாட்டினேன்.

மறுநாளிலிருந்து வீட்டிலிருந்து ஒரு பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோனேன். நாளைக்குச் சொல்லலாம், அடுத்த வாரம் சொல்லலாம் என்று மாசியும் பங்குனியும் போயின. சித்திரை வெயிலில் அந்தப் பையன் கிணற்றுமேட்டில் நின்று குழாயில் வாய் வைத்துக் குடிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பார்த்துவிட்டு என் பாட்டிலைத் திறந்து குடித்தேன். அப்படிப்பட்ட ஆள் நான்.

ஆடிக் காற்றில் ஒருநாள் அக்காவே கேட்டுவிட்டார். "என்ன தம்பி, பாட்டிலும் கையுமா அலையிறீக? எங்க தண்ணி கசக்குதா?" கேலியாகத்தான் கேட்டார். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே வைத்தார்.

"சுடவச்சா?"

"போகாதுக்கா."

"எம்புட்டு நாளுக்கு இருக்கும்?"

"நம்ம காலத்துல போகாது."

கிணற்றைப் பார்த்துக்கொண்டே, "நீங்க பாட்டில் கொண்டார ஆரம்பிச்சது எந்த மாசம்?" என்றார்.

"தை."

"இது ஆடி."

அவ்வளவுதான் சொன்னார். கெட்ட வார்த்தையில் திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அன்று சாயங்காலமே ரோட்டோரப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டார். கீரை விற்பதை நிறுத்தினார். மகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மம்சாபுரத்துக்கு, மாமியார் வீட்டுக்குப் போய்விட்டாள். ஆலையில் மருந்தை மாற்றினார்கள், குழியை மூடினார்கள். கிணற்றை யார் என்ன செய்ய முடியும்? நான் வேலையை விட்டேன். ஒரே ஒரு தடவை பஸ் ஸ்டாண்டில் அக்காவைப் பார்த்தேன். "பேரன் நல்லாத்தான் இருக்கான். ஆனா அவனுக்குக் காச்சல்னு வந்தா எம் மக என் மூஞ்சியத்தான் பாக்கா" என்றார். பஸ் வந்ததும் ஏறிவிட்டார்.

போன ஐப்பசியில் அக்கா இறந்துபோனார். நெஞ்சுவலி என்றார்கள். தண்ணீரால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. தண்ணீரால் இல்லை என்றும் சொல்லவில்லை. போவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுப் போனேன். எங்கள் பக்கத்தில் இறந்தவரைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுப்போம். நாலு பேர் ஒரு வேட்டியை மேலே விரித்துப் பிடிக்க, அதன்கீழ் சொந்தக்காரர்கள் குடத்தோடு போய்க் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவருவார்கள். "மாஸ்டர், நீங்க ஒரு முனையப் பிடிங்க" என்று யாரோ சொன்னார்கள். பிடித்தேன். மேளம் கிணற்றைப் பார்த்துத் திரும்பியது. அப்போது மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குறுக்கே நின்றாள். "எங்கம்மா மேல அந்தத் தண்ணிய ஊத்தாதீக" என்றாள்.

ரோட்டுக் குழாய்க்குப் போனோம். அன்றைக்குத் தண்ணீர் விடும் முறை இல்லை. கடையிலிருந்து இரண்டு கேன் வந்தது. கவிழ்த்துக் கிடந்த அந்தப் பழைய பானைக்குப் பக்கத்தில் நின்று, கேன் மூடியைத் திருகி, குடங்களில் ஊற்றினார்கள். மேலே நாங்கள் பிடித்திருந்த வேட்டியில் தூறல் விழுந்தது. பருத்தி வேட்டி, சொட்டுச் சொட்டாக அத்தனையையும் குடித்துக்கொண்டது. ரோட்டில் போன யார் யாருக்கோ தண்ணீர் கொடுத்த அக்காவை, விலைக்கு வாங்கிய தண்ணீரில் குளிப்பாட்டி அனுப்பினோம்.

நேற்று என் மனைவி அந்தத் துணியை மறுபடி எடுத்து வெளியே வைத்திருந்தாள். "தூரப் போட்டுருங்க, எதுக்கு இது?" என்றாள். துணியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனேன். எரிக்கலாம் என்றால் புகையாகி எங்கே போய் இறங்கும் என்று தெரியாது. குப்பையில் போட்டால் ஊருக்கு வெளியே குப்பைமேட்டில் கிடக்கும், மழையோடு மருந்து மண்ணுக்குள் இறங்கும். வீட்டுக் கொல்லையில் புதைக்கலாம் என்றால், இந்த மருந்து மண்ணில் மட்டும் ஒட்டி நிற்குமா என்று அக்கா அன்று கேட்டது ஞாபகம் வந்தது. போட இடம் தெரியாமல்தான் இத்தனை நாள் வைத்திருக்கிறேன் என்று முதன்முறையாக மனைவியிடம் சொன்னேன். துணியை என் கையிலிருந்து வாங்கி, மடித்து, இழுப்பறையில் அவளே வைத்து மூடினாள்.