மோர் பெட்டர்

ஆங்கில ஆசிரியையாக நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. யார் தப்பாகப் பேசினாலும் திருத்திவிடுவேன். ஒருநாள் குற்றாலத்தில் குளித்துவிட்டு, தென்காசி பஸ் வரும்வரை டீ குடிக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன்.

“இந்த வெயிலுக்கு டீயைவிட மோர் பெட்டர்ம்மா,” என்றார் கடைக்காரர்.

“பெட்டர்னாலே ‘அதைவிட நல்லது’ன்னுதான் அர்த்தம், அண்ணாச்சி. முன்னால மோர் வேண்டாம்.”

அவர் முகம் வாடிவிட்டது. “வேண்டாமா? இப்பத்தானே கடைஞ்சு வச்சேன்.”

அப்போதுதான் பானையையும், அதில் மிதந்த கறிவேப்பிலையையும் பார்த்தேன். வெட்கத்தோடு ஒரு தம்ளர் வாங்கிக் குடித்தேன்.

“எப்படி இருக்கு?”

“மோர் பெட்டர்தான், அண்ணாச்சி.”

அந்தக் கடை இப்போது இல்லை. பிள்ளைகளின் நோட்டில் அந்த ‘மோரை’ச் சிவப்பு மையால் அடிக்கும்போது மட்டும் என் கை கொஞ்சம் தயங்குகிறது.