தட்டுவதற்கு ஒரு மூலை

கப்பலூரில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் ரப்பர் வாஷர்தான் பிழைப்பு. கையில் பிடிக்கும் மெஷின்களுக்கு உறை செய்யலாம் என்று முதலாளியை நச்சரித்துச் சம்மதிக்க வைத்தவள் நான். முதல் ஆர்டர் வந்ததும் அவர் சொன்னார்: “இது சொதப்புச்சுன்னா உறைய மூட்ட கட்டிட்டு, பழையபடி வாஷர் படம் போடணும்மா.” வாஷர் படம் என்றால் வட்டத்துக்குள் ஒரு வட்டம். டிசைன் படித்துவிட்டு ஆயுள் முழுக்க வட்டம் போடுவதா?

ஆர்டர் கொடுத்தது ஒரு தனியார் பஸ் கம்பெனி. கண்டக்டர்களின் டிக்கெட் மெஷின்கள் ஓயாமல் உடைந்துகொண்டிருந்தன. கீழே போடுகிறார்கள் என்று நானே முடிவு கட்டி, நான்கு மூலைக்கும் தடித்த ரப்பர் வைத்தேன். மேஜையிலிருந்து தள்ளினேன், மாடிப்படியில் உருட்டினேன். மெஷினுக்கு ஒரு கீறல் இல்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அனுப்பி வைத்தேன்.

கொஞ்ச நாளில் எல்லாம் திரும்பி வந்தன. வலது மேல்மூலையில் ரப்பர் தேய்ந்து கிழிந்து, உள்ளே மெஷினில் விரிசல். கண்டக்டர்களைக் கேட்டால், “கீழ போடவே இல்லம்மா” என்று ஒரே பல்லவி. பொய் சொல்கிறார்கள் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. விழுகிற சாமான் ஒன்று தவறாமல் ஒரே மூலையில் விழுமா என்றுகூட யோசிக்கத் தோன்றவில்லை. கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று பஸ் ஏறினேன்.

பசுமலையில் கல்லூரிக் கூட்டம் ஏறியது. கண்டக்டரின் இடது கை கம்பியில், வலது கையில் மெஷின், விசில் எந்தப் பையில் கிடந்ததோ. படியில் நின்றபடி பஸ்ஸின் பக்கத் தகரத்தில் மெஷினாலேயே இரண்டு தட்டு தட்டினார். டங், டங். பஸ் கிளம்பியது.

“அண்ணே, மெஷின வச்சுத் தட்டுறீங்க.”

“நானா? இம்புட்டு வெல உள்ள பொருள வச்சு எவனாச்சும் தட்டுவானா?” என்றவர், அடுத்த ஸ்டாப்பில் “போலாம் மாப்ள” என்று டிரைவருக்குச் சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டு தட்டினார். பக்கத்து சீட்டு அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கண்டக்டர் தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாவம், அவர் பொய் சொல்லவே இல்லை.

அந்த மூலைக்கு மட்டும் மெத்தென்று கனத்த ரப்பர் வைத்துக் கொடுத்தேன். மறுபடி பஸ்ஸில் போனேன். அவர் தட்டினார், பொத்தென்றது. டிரைவர் அசையவில்லை. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரனில் திட்டின.

“என்ன தங்கச்சி, தலகாணியக் கட்டி விட்டுட்ட?”

விஷயம் கேள்விப்பட்ட முதலாளி வட்டம் போடும் காம்பஸை எடுத்து என் மேஜையில் வைத்தார்.

அதைப் பார்த்த எரிச்சலில்தான் புத்தி வந்தது. தட்டுகிற கையை யாராலும் திருத்த முடியாது. தட்டவே ஒரு மூலை கொடுத்துவிட்டால் என்ன? உறையின் அந்த மூலையில், மெஷினைத் தொடாமல் வெளியே துருத்தும்படி கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒரு குமிழ் வைத்தேன். அதற்கும் மெஷினுக்கும் நடுவில் ரப்பர். அடி ரப்பரோடு நின்றுவிடும், சத்தம் மட்டும் வெளியே போகும்.

அதன்பின் ஒரு மெஷினும் திரும்பி வரவில்லை. ஆனாலும் காம்பஸ் என் மேஜையை விட்டு நகரவில்லை.

ஒரு சாயங்காலம் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து போன் வந்தது. “எல்லா பஸ்ஸுக்கும் கேக்குறாங்கம்மா. அந்தக் காம்பஸ எம் மேசைல போட்டுரு.” சந்தோஷத்தில் கால் அப்படியே நின்றுவிட்டது. சுதாரித்து, “அண்ணே, வாரேன்” என்று கையை ஆட்டினேன். கண்டக்டர் முன்பக்கம் பார்த்தபடி என் குமிழால் தட்டினார்.

டங், டங். எனக்கே அவ்வளவு தெளிவாகக் கேட்டது. டிரைவருக்குக் கேட்காமல் இருக்குமா? என்னை விட்டுவிட்டு பஸ் கிளம்பிப் போய்விட்டது.