தொண்ணூறாவது கோடு

ரைஹானா. மனிதவளப் பிரிவு அதிகாரி ராகவன். கேன்டீன் நாகம்மா. கேட் செக்யூரிட்டி வேம்புலி. அன்று மதியம் அந்தப் பழைய ஷெட்டிலும் தொழிற்சாலைக் கேட்டிலும் இருந்தவர்கள் இந்த நாலு பேர்தான். ஐந்தாவதாக ஒருவர் இருந்தாரா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

இது நடந்தது. ரைஹானா என் தம்பி மகள். எங்கள் வீட்டில் பொய்யும் கிடையாது, பேய் பிசாசுப் பேச்சும் கிடையாது. அவள் சொன்னதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்று தடவையும் ஒரு நிமிடம் கூட மாறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னை பாடியில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலை. பெயர் வேண்டாம். அங்கே தரப் பரிசோதனையில் ஆறு வருடம் வேலை பார்த்தாள் ரைஹானா. தன் கையால் அளந்து பார்க்காத சரக்குக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட மாட்டேன் என்றாள். வற்புறுத்தினார்கள். ராஜினாமாவை எழுதி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். ஆவடிப் பக்கம் வேறு கம்பெனியில் வேலையும் உறுதியாகிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. பழைய இடத்திலிருந்து விடுவிப்புக் கடிதம் கொண்டுவர வேண்டும்.

அந்தக் கடிதம் வேண்டுமென்றால் தொண்ணூறு நாள் நோட்டீஸ் முடிக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் ‘சொல்லாமல் ஓடிப்போனவர்’ என்று பதிவு செய்வார்கள். புது வேலை போகும். அதைவிட, ஓடிப்போனவள் என்ற சொல் எங்கள் வீட்டுப் பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் நிற்கும். அவளாக ஓட வேண்டும் என்றுதான் நிர்வாகமும் எதிர்பார்த்தது. கம்ப்யூட்டரைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்றாம் நம்பர் ஷெட்டின் மாடியில், யாரும் போகாத ரெக்கார்டு ரூமில் உட்கார வைத்தார்கள். வேலை எதுவும் கிடையாது. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்தரை வரை சும்மா இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

2025 பிப்ரவரி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. முதல் நாள்.

“ஒரு வாரத்துல அழுதுகினு எறங்கி வந்துடும் பாரு” என்று கீழே பந்தயம் கட்டினார்கள். அது அவள் காதில் விழுந்தது. மறுநாள் வீட்டிலிருந்து துடைப்பமும் ஈரத்துணியும் கொண்டுபோனாள். அறையைக் கூட்டித் துடைத்தாள். கிழிந்த ஃபைல்களை, யாரும் கேட்காமலே, வருடவாரியாக அடுக்கினாள். ஜன்னல் வழியே மேம்பாலத்தில் போகும் லாரிகளை எண்ணினாள். மிச்ச நேரத்துக்குச் சுடோக்கு. அழவில்லை.

அறையில் மூன்று பொருள்கள் அவள் கண்ணில் பட்டன. ஒன்று, பழைய காலத்துக் கார்டு அடிக்கும் கடிகாரம். தொழிலாளி தன் கார்டைச் செருகினால் வந்த நேரத்தையும் போகும் நேரத்தையும் அச்சடிக்கும். ஒயர் அறுந்து தொங்கியது. முட்கள் மூன்று பத்தில் நின்றிருந்தன. இரண்டாவது, அதன் இருபக்கமும் மரச்சட்டம். வலதுபக்கம் ‘உள்ளே’, இடதுபக்கம் ‘வெளியே’. எல்லாக் கார்டும் வெளியே பக்கம் தூசி படிந்து கிடந்தன. ஒன்றைத் தவிர. நம்பர் 417. சம்பந்தம். 1998 ஜூன். கடைசி வரியில் வந்த நேரம் 7.58. போன நேரம் காலியாக இருந்தது.

மூன்றாவது, சுவரில் பென்சில் கோடுகள். நாளுக்கொன்றாக யாரோ கிழித்தவை. எண்ணினாள். எண்பத்தொன்பது.

தனக்கு முன்னாலும் ஒருவர் இங்கே நாளைத் தள்ளியிருக்கிறார் என்று புரிந்தது. அதற்குக் கீழேயே தன் கோடுகளைத் தொடங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைத் திங்கள் காலையில் சேர்த்துப் போடுவாள்.

417-ஆம் கார்டையும் எடுத்து, ஒழுங்குக்காக, வெளியே பக்கம் செருகினாள்.

மறுநாள் காலை அது உள்ளே பக்கம் இருந்தது.

நோன்பு மாதம் வந்தது. ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணி. நாகம்மா டீயோடு மாடியேறி வந்தாள். அவள் கேன்டீனுக்கு வந்தே ஒரு வருடம்தான் ஆகிறது. தட்டில் இரண்டு கிளாஸ்.

“அக்கா, எனக்கு நோன்பு. டீ வேணாம்.”

“உனக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணுன்னு எடுத்தாந்தேன்மா. சரி, அவுருது மட்டும் வெச்சுட்டுப் போறேன்.”

“எவருக்கு?”

“இன்னாம்மா நீ… கூடக் குந்திகினு கீறவர தெரியாதா? படிக்கட்டுல நின்னுகினு ரெண்டுன்னு வெரலக் காட்னாரே பெரியவரு.”

நாகம்மா போய்விட்டாள். மேஜையில், எதிரே இருந்த காலி நாற்காலிக்கு முன்னால், கிளாஸில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ரைஹானா சுடோக்குப் புத்தகத்தைத் திறந்தாள். பத்து நிமிடம் இருக்கும்.

டக்.

ஒரே ஒரு சத்தம். இரும்பு இரும்பின்மேல் விழும் சத்தம். கைப்பேசியைப் பார்த்தாள். 3.10.

நிமிர்ந்தபோது கிளாஸ் காலி.

அவள் உதட்டில் தண்ணீர் கூடப் படவில்லை. அன்று நோன்பு.

இரண்டு நாள் கழித்துச் சனிக்கிழமை. மாலை பூட்டும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள். நாற்பத்தொரு கோடு. சாவி அவளிடம்தான் இருந்தது. திங்கள் காலை 8.55-க்குத் திறந்தாள்.

நாற்பத்திரண்டு.

ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை அவளுக்காக யாரோ போட்டிருந்தார்கள்… அவள் கோடு சாய்வாக இருக்கும். இது நேராக இருந்தது. மேலே இருந்த எண்பத்தொன்பதைப் போல.

வீட்டில் அவள் உம்மா கெஞ்சினாள். “அந்த எடம் வேணாம் புள்ள. விட்டுட்டு வந்துடு.”

“அவங்களுக்கே பயப்படல. இதுக்கா பயப்படப் போறேன்?” என்றாள் ரைஹானா. மறுநாள் அறைக்குள் நுழைந்ததும் எதிர் நாற்காலியைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னாள்.

“யாரா இருந்தாலும் சரி. நீங்க உங்க எடத்துல இருங்க. நான் என் எடத்துல இருக்கேன். தொண்ணூறு நாள் முடியாம எறங்க மாட்டேன்.”

 அதன் பிறகும் தினமும் 3.10-க்கு அந்தச் சத்தம் வந்தது. தினமும்… ஒரு நிமிடம் முன்னே பின்னே கிடையாது. அவளும் தினமும் உட்கார்ந்திருந்தாள்.

மே இரண்டு, வெள்ளிக்கிழமை. எண்பத்தொன்பதாவது நாள்.

மூன்று மணி. நாகம்மா இரண்டு டீ வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

3.07. ஷூ சத்தம். ராகவன் வந்தார். இத்தனை நாளில் ஒருமுறை கூட மாடியேறாதவர். வந்ததும் சிரித்தார்.

“இன்னும் ஒரு நாள்தானே மேடம்? நாளைக்கு எதுக்கு வீணா அலையணும்? இப்பவே கெளம்புங்க. லெட்டர் வீட்டுக்கே வந்துடும்.”

“எழுத்துல குடுங்க சார்.”

“என்ன மேடம், என் வாய் வார்த்தைமேல நம்பிக்கை இல்லையா?”

அவள் களைத்திருந்தாள். எண்பத்தொன்பது நாள் சும்மா உட்கார்ந்த களைப்பு. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்த களைப்பு. ஒரு நாள்தானே என்று தோன்றியது. எழுந்தாள். பையைத் தோளில் மாட்டி வாசல் பக்கம் திரும்பினாள்.

டக்.

3.10.

எதிர் நாற்காலி தரையில் உராய்ந்தது. கர்ர்ர்…

அவளுக்குப் பின்னால்.

ராகவனின் சிரிப்பு நின்றது. அவர் கண் அவளைத் தாண்டிப் பின்னால் போனது. மெல்ல மேலே ஏறியது… உட்கார்ந்திருந்த யாரோ எழுந்து நிற்பதைப் பார்ப்பது போல.

“யாரு… யாரு சார் நீங்க?”

ரைஹானா திரும்பினாள்.

யாரும் இல்லை.

“இல்ல சார்… அப்படி இல்ல…” ராகவன் யாருக்கோ பதில் சொன்னார். “எழுதித் தரேன் சார்… எழுதியே தரேன்…”

திரும்பாமலே பின்பக்கமாக நடந்தார்.

படி.

தடதடவென்று சத்தம். கீழே நாகம்மாவின் அலறல். கிளாஸ் உடைந்தது.



 வாசல் திறந்துதான் இருந்தது. ஓடியிருக்கலாம்.

பையைக் கழற்றி வைத்தாள்.

உட்கார்ந்தாள்.

ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை ராகவன் வரவில்லை. ஆனால் முந்தின நாள் 3.45-க்கே கடிதத்தை அடித்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, உறையில் வைத்துவிட்டுப் போயிருந்தார். தேதி மே மூன்று. தொண்ணூறு நாள் முழுமையாக முடித்தார் என்று தெளிவாக எழுதியிருந்தது. மாலை ஐந்து மணிக்கு அது அவள் கைக்கு வந்தது. அப்படியே வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. மறுபடி மாடியேறினாள்.

தன் தொண்ணூறாவது கோட்டைப் போட்டாள். பிறகு மேல் வரிசையில், எண்பத்தொன்பதுக்குப் பக்கத்தில், நேராக இன்னொரு கோடு போட்டாள். 417-ஆம் கார்டை எடுத்து, ஒயர் அறுந்த அந்தக் கடிகாரத்தில் செருகினாள்.

“உங்களுக்கும் முடிஞ்சது அண்ணே. வாங்க, போலாம்.”

டக்.

வெளியே எடுத்தாள். காலியாக இருந்த கட்டத்தில் 5.30 என்று இருந்தது. விரலில் ஊதா மை ஒட்டியது. கார்டை வெளியே பக்கம் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள்.

மூன்று மாதம் கழித்து, வைப்புநிதிப் படிவத்தில் கையெழுத்து வாங்க அவள் அங்கே போனபோது நானும் உடன் போனேன். கேட்டுக்கு எதிரே கோவிந்தராஜின் டீக்கடை. முப்பத்தைந்து வருடக் கடை. அவரிடம் சம்பந்தம் யார் என்று கேட்டேன்.

“ஐயோ, அந்த மனுசனா? நோட்டீஸ் குடுத்துட்டாருன்னு மேல தனியா குந்த வெச்சாங்க பாய். ஒரு நாள் பாக்கி. மத்தியானம் மூணு மணி வாக்குல ஆபீசர் வந்து, நாளைக்கு வராத, லெட்டரு ஊட்டுக்கு வரும்னு வாயால சொல்லிக் கையோட அனுப்பிட்டான். கார்டு கூட அடிக்க வுடல. மறுநாளே ஓடிட்டான்னு எழுதிட்டானுங்க. அந்த லெட்டருக்காக ஏழு மாசம் இந்த கேட்டாண்ட வந்து நின்னாரு. நெஞ்சு வலி. தோ, அந்த பெஞ்சுலதான் போனாரு.”

உள்ளே போகும்போது வேம்புலி ரைஹானாவைப் பார்த்துச் சிரித்தான்.

“இன்னாம்மா, கடைசி நாள் உன் பின்னாடியே வந்தாரே ஒரு பெரியவரு, சௌக்கியமா கீறாரா?”

அவன் கேட் நோட்டைப் புரட்டிக் காட்டினான். மே 3. ரைஹானா, வெளியே 5.31. அது அவள் எழுத்து. அதற்குக் கீழே, நேரான கையெழுத்தில் இன்னொரு வரி.

417. சம்பந்தம். வெளியே 5.31.

இதற்கு மேல் எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் சொல்லவும் மாட்டேன். ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் தெருவில், ரைஹானா எதையோ பார்த்துப் பயந்து வேலையை விட்டு ஓடி வந்துவிட்டாள் என்று பேசுகிறார்கள். தவறு. அவள் தொண்ணூறு நாளும் இருந்தாள். கடிதம் என் பீரோவில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஓடியவர் ராகவன். அவருடைய இடது கால் ஷூ படிக்கட்டில் கிடந்தது.