விசாரணை அக்கா அமைத்த சர்வர்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் விசாரணை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எப்போது புறப்படும், எந்த மேடையில் நிற்கும் என்று ஒலிபெருக்கியில் சொல்வது அவள் வேலை. பயணி கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்து விழும்.

தொண்டையில் கட்டி என்று அறுவை சிகிச்சை செய்தார்கள். கட்டியோடு குரலும் போயிற்று. மிஞ்சியது பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும் ஒரு கிசுகிசுப்பு. அவளைப் பின்னறைக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு மேசை, ஒரு பழைய கணினி, ஜன்னலுக்கு வெளியே டயர் குவியல். வண்டிகளின் நேரத்தையும் தாமதத்தையும் கணினியில் ஏற்றுவதுதான் புது வேலை. அவள் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. வெளியே நிலையத்தில் ஜனங்கள் திக்குத் தெரியாமல் அலைந்தார்கள். அதைத்தான் அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "நான் ஏத்துறதெல்லாம் பொட்டிக்குள்ளயே கெடக்கு சார். வெளியில ஒரு டிவி மாட்டி அதுல காட்டலாமே."

"காட்டலாம்மா. யாரு செய்யிறது?"

"நான்தான்."

வீடியோக்களைப் பார்த்துத் தப்பும் தவறுமாகக் கற்றாள். மணியைப் பார்த்து, அடுத்துக் கிளம்பும் வண்டிகளைத் தானே பொறுக்கிக் காட்டும்படி பிஎச்பி என்ற கணினி மொழியில் ஒரு நிரல் எழுதினாள். அதே கணினியில், பக்கங்களை எடுத்துக் காட்டும் வெப் சர்வரையும் நிறுவி, தன் பக்கத்தைத் திறந்தாள். வண்டி ஒன்றையும் காணோம். அவள் எழுதிய நிரலே வரி வரியாகத் திரையில் நின்றது.

பேருந்து ஓட்டுநரான அவள் கணவன் வண்டியை நிறுத்திவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். "என்ன இது, எறும்பு ஊர்ந்த மாதிரி?"

"சர்வருக்கு இத ஓட்டத் தெரியல. அப்படியே தூக்கிக் காட்டுது."

"ஓட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"எழுதி வச்சுட்டேன். கேக்க மாட்டேங்குது."

"நம்ம வீட்டுல நான் சொல்றத நீ கேக்குற மாதிரி" என்றான். அவள் சத்தமில்லாமல் சிரித்தாள்.

சர்வர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஓர் அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். பிஎச்பி கோப்பு வந்தால் பிஎச்பியிடம் கொடுத்து ஓட்டு என்று அதில் வரிகள் சேர்த்திருந்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் சர்வரை நிறுத்திக் கிளப்பினாள். பலனில்லை. கடைசியில் எரிச்சலில் அந்தக் கோப்பின் நடுவே வாய்க்கு வந்த வசவு ஒன்றை அடித்து வைத்தாள். புரியாத வரியைப் படித்தால் சர்வர் கிளம்பாமல் முரண்டு பிடித்திருக்க வேண்டும். ஆனால் ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியது.

அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. இவ்வளவு நாளும் அவள் திருத்தியதை சர்வர் படிக்கவே இல்லை. அது படிக்கும் கோப்பு அதே பெயரில் வேறோர் இடத்தில் இருந்தது. தேடிப் பிடித்து, வரிகளை அங்கே சேர்த்து, மறுபடி கிளப்பினாள். வண்டிகள் வரிசையாக வந்து நின்றன. கணவனைக் கூப்பிட வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. எழுந்து ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

அவன் திரையை உற்றுப் பார்த்தான். "எல்லாம் சரி. காலையில நான் இங்கேருந்து எடுத்துட்டுப் போய்த் திரும்பியும் வந்த வண்டி, இன்னும் கிளம்பவே இல்லைங்குது."

பிஎச்பி வேறேதோ நாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அமைப்பில் நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றினாள். மணி சரியாயிற்று.

சுவரில் டிவி மாட்டிய அன்று கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். கைக்குழந்தையோடு ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள், யாரையும் கேட்காமல் தன் மேடைக்கு விறுவிறுவென்று நடந்தாள். விசாரணை அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

சில மாதங்களில் பக்கத்து ஊர் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது, அங்கேயும் அமைத்துத் தர வேண்டுமென்று. கணவன் ஓட்டிய வண்டியிலேயே போனாள். அவன் கிளம்புமுன் திரும்பி, பயணிகள் எல்லோருக்கும் கேட்கும்படி நடத்துநரிடம் சொன்னான்: "முன் சீட்ட அவங்களுக்கு விடுப்பா. சர்வர் போடப் போறாங்க."

அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. நேராக உட்கார்ந்து வந்தாள்.