மஞ்சுண்ணாவின் தொட்டி மண்

மஞ்சுண்ணா போய்விட்டார்.

முந்தாநாள் காலை ஃபர்ஸ்ட் ஷிப்ட் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கியபோது இறங்கவில்லை. தூங்குகிறார் என்று கிண்டல் செய்துகொண்டே தட்டி எழுப்பினோம்... ஹார்ட் அட்டாக்காம். ஆஸ்பத்திரி வாசலிலேயே கையை விரித்துவிட்டார்கள்.

என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியாது. ஓசூரில் எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நான் குவாலிட்டியில். பீஸை நான் ரிஜெக்ட் செய்தால் அவர் மெஷினைத் திட்டுவார். மெஷின் நின்றால் என்னைத் திட்டுவார்.

எங்களை ஒட்டவைத்தது மீன் தொட்டிதான். உள்ளே நிஜச் செடி வளர்க்கிற தொட்டி. பிளாஸ்டிக் செடி வைத்திருப்பவர்களை அவர் மனுஷராகவே மதிக்க மாட்டார்.

ஆரம்பத்தில் அவருக்கும் ஒன்றும் தெரியாது. தளிப் பக்கம் அவர் மச்சான், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் ரோஜா வளர்க்கிற ஒரு பாலிஹவுஸில் வேலை செய்கிறார். "இந்த மண்ணுல ரோஜா இந்த ஒசரம் வருது... எஞ்செடி வராதா?" என்று ஒரு மூட்டை அள்ளி வந்து தொட்டியில் கொட்டி, மேலே மணல் போட்டு, அன்றைக்கே மீனையும் விட்டுவிட்டார்.

விடிந்தபோது அத்தனையும் மிதந்தது. வருஷக்கணக்காக உரம் குடித்த மண். தண்ணீருக்குள் போனதும் விஷமாகிவிட்டது.

மதியம் கேன்டீனில் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். "வீடு கட்டித் தரேன்னு கூட்டிட்டு வந்து கொழம்பு வெச்சுட்டேம்மா" என்றார். சிரிப்பு வந்தது எனக்கு. நிமிர்ந்து பார்த்தால் அவர் கண் கலங்கியிருந்தது.

அப்புறம் இந்தச் சாகசமெல்லாம் இல்லை. தொட்டிக்கென்றே பாக்கெட்டில் வருகிற மண்ணை பெங்களூரிலிருந்து ஒரு மூட்டை வாங்கி, ஆளுக்குப் பாதி பிரித்துக்கொண்டோம்.

வாங்குவதற்கு முன் என்னிடம் ஆயிரம் கேள்வி. "மொதல்ல என்ன செடி வெக்கப்போற, அதச் சொல்லு. கட்டையில கட்டி வெக்கற செடிக்கு மண்ணே வேணாம். வேருல சாப்புடற செடியா இருந்தா மட்டும் வாங்கு." கடைக்காரரைப் பேசவே விடவில்லை மனுஷன்.

கழுவாமல் அப்படியே போடு என்று படித்துப் படித்துச் சொன்னார். நான் டியூட்டியிலிருந்து வருவதற்குள் என் மாமியார் அதை அரிசி மாதிரி தண்ணீர் மாற்றி மாற்றிக் களைந்து வைத்திருந்தார். "மண்ண அலசாம யாராச்சும் தொட்டியில போடுவாங்களா?" உருண்டை உருண்டையாக இருந்தது அத்தனையும் சேறாகி, சாக்கடையில் போய்விட்டது.

பஸ்ஸில் இதைச் சொன்னபோது மஞ்சுண்ணா சிரித்த சிரிப்பில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

மறுநாள் அவர் பங்கிலிருந்து டிபன் கேரியரில் மண் வந்தது. "மாமியாரு கண்ணுல காட்டாத." அதனால் அவர் தொட்டியில் பின்பக்கம் மட்டும்தான் மண், முன்னால் வெறும் மணல். கேட்டால், "முன்னாடி செடி வெச்சா மீனு தெரியாதும்மா" என்று ஒரு சமாளிப்பு...

நேற்று தகனம். ஆண்கள் எல்லோரும் சுடுகாட்டுக்குப் போனபிறகு வீட்டைக் கழுவினார்கள்.

சாவு விழுந்த வீட்டில் ஏற்கெனவே பிடித்துவைத்த தண்ணீர் இருக்கக் கூடாதாம். குடம், ட்ரம், கேன்... எல்லாவற்றையும் வாசலில் கொட்டிவிட்டார்கள். கடைசியில் அவருடைய பெரியம்மா சொம்போடு தொட்டிக்கு வந்தார்.

முதல் சொம்பிலேயே ஒரு செடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கறுப்பாக மண் கிளம்பியது. மீன்கள் மூலைக்கு ஓடின.

அந்த மண்ணைக் கலக்கினால் அடியில் தேங்கியிருப்பதெல்லாம் தண்ணீரில் ஏறி மீன் செத்துவிடும். எனக்குத் தெரியும். ஆனால் வாய் வரவில்லை... அவர்கள் வீடு, அவர்கள் சாங்கியம். பர்தாவோடு கதவோரம் நிற்கிற நான் என்ன சொல்ல?

சுனிதா அக்கா, மஞ்சுண்ணாவின் மனைவி, அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்தார். எழுந்து வந்து சொம்பைப் பிடித்துக்கொண்டார்.

"பெரிம்மா, மண்ணுல கை வெக்காதீங்க."

"சாவு ஊட்டுல இந்தத் தண்ணி ஆகாதும்மா."

"தண்ணிதான ஆகாது? தண்ணிய மாத்திக்கலாம். மண்ணு அவரு போட்டது... அது இருக்கட்டும்."

பெரியம்மா சொம்பைக் கீழே வைத்தார்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஷபானா, தட்டு வெச்சுத்தான ஊத்துவாரு?"

ஆமாம் என்றேன். மேல் தண்ணீரை மட்டும் ட்யூப் போட்டு மெதுவாக இறக்கினோம். மண் மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டை வைத்து, அது மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுத் தண்ணீர். பக்கத்து வீட்டு போர்வெல்லிலிருந்து பக்கெட் பக்கெட்டாகக் கொண்டுவந்து தந்தது அதே பெரியம்மாதான்.

மண் கலையவில்லை. ஆனால் முதலில் கலங்கியது கலங்கியதுதான். அந்தப் பயம் வீட்டுக்கு வந்தபிறகும் போகவில்லை.

இன்று காலை அக்கா ஃபோன் செய்தார்.

"ஷபானா, ஒரே ஒரு மீனு மட்டும் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது. எனக்கு ஒண்ணும் தெரியல... இரு, ஷிப்ட் முடிஞ்சு அவரு வந்ததும் கேட்டு..."

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. கட் செய்யவும் இல்லை அவர்.

நானும் ஃபோனை அப்படியே காதில் வைத்திருந்தேன்.

லீவு சொல்லிவிட்டு அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன். ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்து இதை டைப் செய்கிறேன். எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்க போங்க மஞ்சுண்ணா. நான் அக்காகிட்ட போறேன்.